உறைந்த சிம்கோ ஏரியில் ஒரு நாள்: நண்பர்களோடு போக நினைப்பவர்களுக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள சிம்கோ ஏரியின் தென்கரை, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து ஏறத்தாழ ஒரு மணி நேர ஓட்டம். நெடுஞ்சாலை 404 வடக்கே முடிகிற இடத்தில் இருந்து கெஸ்விக் கிட்டத்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்சத் தூரம் போனால் ஜாக்சன்ஸ் பொயின்ற். கோடையில் கரி அடுப்பும் கோழி இறைச்சியுமாக அந்தக் கரையை நிரப்பும் எங்கள் ஆட்களில் பலர், தைப்பொங்கல் முடிந்து ஏரி இறுகும் நாட்களில் அந்தப் பக்கம் போவதில்லை. ஏரியின் மிக நல்ல நாட்கள் அப்போதுதான் வருகின்றன என்பது என் உறுதியான எண்ணம். கரையில் இருந்து பார்க்கும்போது வெறும் வெள்ளைவெளி. நடந்து உள்ளே போனால் நூற்றுக்கணக்கான மீன்பிடிக் குடில்கள், வெண்பனியில் ஓடித் திரியும் பிள்ளைகள், பனிக்கட்டியில் போட்ட துளைகளில் தூண்டில் விட்டுக் குந்தியிருக்கும் மனிதர்கள் என்று ஒரு ஊரே இருக்கும்.

இப்படியான பயணத்தை வழக்கமாகக் கூட்டத்தில் அதிகம் தெரிந்தவர்தான் திட்டமிடுவார். குளிரைத் தாங்குபவர், விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பத் தயங்காதவர், தன் உடம்பை அளவுகோலாக வைத்து எல்லோருக்கும் நேரம் குறிப்பார். உறைந்த ஏரிக்கு அந்த முறை பொருந்தாது. யாருக்கு முதலில் கால் விறைக்குமோ, யார் முதன்முறையாக வருகிறாரோ, அவரை வைத்தே நாளை அளக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் அவர் நண்பர் ஒருவரின் அம்மா. எழுபதை நெருங்குபவர், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் வசதியாக இருக்கும்படி திட்டமிட்ட நாட்களில் மற்ற எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியது.

நாளும் பனிக்கட்டியும்

சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த ஏரி. அது ஒரே நாளில் உறைவதில்லை. தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். குளிர்ந்த மேல்நீர் கீழே இறங்க, கீழ்நீர் மேலே வர, ஏரி முழுவதும் அந்த 4 பாகைக்கு வந்த பிறகுதான் மேற்பரப்பு மேலும் குளிர்ந்து உறையத் தொடங்கும். ஆழம் குறைந்த இடத்தில் இது விரைவாக நடக்கும். தெற்கே உள்ள குக்ஸ் குடா முதலில் இறுகுவதும், பாரி நகரத்துப் பக்கம் 40 மீற்றர் வரை ஆழம் போகும் கெம்பென்ஃபெல்ற் குடா கடைசியில் இறுகுவதும் இதனால்தான். குக்ஸ் குடாவில் நண்பர் ஒருவர் கடந்த வாரம் நடந்தார் என்பதற்காக பாரியில் நீங்கள் இன்று நடக்கக் கூடாது.

சாதாரண வருடங்களில் ஜனவரி கடைசி வாரம் தொடக்கம் பெப்ரவரி நடுப்பகுதி வரை எனக்குப் பிடித்த காலம். பனிக்கட்டி தடித்திருக்கும், பகலும் சற்று நீண்டிருக்கும். ஆனால் நாட்காட்டியை நம்பித் திகதி குறிக்காதீர்கள். 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவான குளிர்காலங்களிலேயே மிக வெப்பமானது. அந்த வருடம் நாங்கள் தூண்டில்களை வெளியே எடுக்கவே இல்லை. பயணத்தை நிறுத்தும் உரிமை கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் உண்டு, நிறுத்தியவரை யாரும் பகிடி பண்ணக் கூடாது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் இது எழுதாத சட்டம்.

தடிப்புக்கு நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்பவை: தனியாக நடக்க 15 சென்ரிமீற்றர், கூட்டமாக நின்று விளையாட 20, பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிக்கு 25. இவை தெளிவான, நீலம் பாய்ந்த, புதிய பனிக்கட்டிக்கு உரிய அளவுகள். வெண்மையாக, பால் கலந்ததுபோல் தெரிவது வெண்பனி நனைந்து மறுபடி உறைந்தது. அதன் பலம் நீலத்தின் பாதி என்று வைத்து, இரு மடங்கு தடிப்பு இருந்தால்தான் ஏறுங்கள். சாம்பல் நிறம் தண்ணீர் ஊறியிருக்கிறது என்பதற்கு அடையாளம். அதில் கால் வைக்கவே வேண்டாம். காரை ஏரிமேல் ஓட்டுகிறவர்களைப் பார்ப்பீர்கள். நான் ஓட்டுவதில்லை, நீங்களும் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு துளையில் 25 சென்ரிமீற்றர் இருந்தால் ஏரி முழுவதும் 25 என்று ஆகாது. ஹொலண்ட் ஆறு குக்ஸ் குடாவில் வந்து விழும் முகத்தில் நீரோட்டம் பனிக்கட்டியை அடியில் இருந்து அரித்துக்கொண்டே இருக்கும். படகுத் துறைகளில் மரத்தூண்களைக் காப்பாற்றுவதற்காகக் காற்றுக்குமிழி விடுவார்கள்; அந்தச் சுற்றுப்புறமும் மெல்லியது. எல்லாவற்றிலும் மோசமானது வடக்கே ஒரிலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அதர்லி ஒடுக்கம். சிம்கோவின் தண்ணீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய்க்கால் வழியாகத்தான் கூச்சிச்சிங் ஏரிக்குப் போகிறது. ஓடும் தண்ணீரில் மீன் கூடும் என்பதை இந்த நாட்டின் முதற்குடி மக்கள் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தார்கள். அங்கே நீருக்கடியில் அவர்கள் நட்ட மரக்கம்புகளின் மீதி ஐயாயிரம் வருடப் பழைமை உடையது. ம்ஞ்சிகானிங் மீன்வேலி என்று தேசிய வரலாற்றுச் சின்னமாகக் காக்கப்படுகிறது. எங்கள் கடல்நீரேரிகளில் கம்பு நட்டுக் கட்டும் சிறகுவலையின் அதே யோசனைதான். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீனவக் குடும்பத்தில் பிறந்த என் நண்பர் அதைப் பற்றிக் கேட்டதும், படம் பார்க்காமலேயே அது எப்படி நின்றிருக்கும் என்று கைகளால் காட்டினார். கோடையில் கட்டாயம் போய்ப் பாருங்கள். குளிர்காலத்தில் அந்த ஒடுக்கத்தின் பனிக்கட்டியை மிதிக்காதீர்கள்.

காற்றையும் பாருங்கள். பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பலத்த காற்று பெரிய பனிக்கட்டிப் பாளங்களை உடைத்து, அதன் மேல் நிற்பவர்களோடு சேர்த்து நடு ஏரிக்குத் தள்ளிவிடும். கரையில் இருந்து ஏரியை நோக்கிப் பலமாக வீசும் நாளில் அந்தக் கரையில் ஏற வேண்டாம். நீளமான வெடிப்பு, அதன் ஓரத்தில் பனிக்கட்டி மேடாக எழும்பி நிற்பது, அதில் தண்ணீர் பளபளப்பது எல்லாம் திரும்பி வரச் சொல்லும் அறிகுறிகள்.

புதிதாக வருகிறவர்களிடம் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: ஏரி சத்தம் போடும். வெப்பநிலை ஏறி இறங்கும்போது பனிக்கட்டி விரிந்து சுருங்கும். அப்போது இடி முழக்கம் போலவும், நீண்ட கம்பியை இழுத்து விட்டது போலவும் ஒலி காலுக்கடியில் ஓடும். தடித்த பனிக்கட்டியும் இப்படி ஒலிக்கும். இதைச் சொல்லாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், முதல் முழக்கத்திலேயே அவருடைய நாள் முடிந்துவிடும்.

முதல்முறை குடில் வாடகைக்கு எடுங்கள்

பனிக்கட்டியில் துளை போடும் ஓகர், கூடாரம், அடுப்பு என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு புறப்படும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல்முறைக்கு அது தேவையில்லை. கெஸ்விக், ஜாக்சன்ஸ் பொயின்ற், பீவற்றன், பாரி என்று கரையோரம் எங்கும் குடில் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் பதிவு செய்த நேரத்துக்குப் போனால், பனிமேல் ஓடும் வண்டியில் ஏற்றிக் குடிலில் இறக்குவார்கள். உள்ளே இருப்பதற்கு வாங்கு, எரிவாயு அடுப்பு, தரையில் திறந்த துளைகள் எல்லாம் தயாராக இருக்கும். மீன் கூடும் இடத்தை அவர்கள் நாள்தோறும் பார்த்துவைத்திருப்பார்கள். பனிக்கட்டியின் தடிப்பையும் ஒவ்வொரு நாளும் அளப்பவர்கள் அவர்கள்தான். அந்த அறிவுக்காகவே வாடகையைக் கொடுக்கலாம்.

தொலைபேசியில் பதிவு செய்யும்போது விலையை மட்டும் கேட்டுவிட்டு வைக்காதீர்கள். குடில் கரையில் இருந்து எவ்வளவு தூரம், இன்றைக்குத் தடிப்பு எவ்வளவு, இரையும் தடியும் வாடகைக்குள் அடங்குமா, கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். இவை எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: நடுவில் ஒருவர் கரைக்குத் திரும்ப வேண்டும் என்றால், அழைத்த பிறகு வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் எடுங்கள். வயதானவருக்கோ சிறு பிள்ளைக்கோ போதும் என்று தோன்றிய நிமிடத்தில் திரும்ப வழி இருந்தால், மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

அடுப்பு எரியும் குடிலிலோ கூடாரத்திலோ காற்றுப் போக்குவரத்துக்கு எப்போதும் ஒரு திறப்பு இருக்க வேண்டும். அடுப்பில் இருந்து வரக்கூடிய காபன் மொனொக்சைட் என்னும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல், காரணமில்லாத தூக்கம் ஆகியவைதான் அது தரும் எச்சரிக்கை. மின்கலத்தில் இயங்கும் சிறிய காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி ஒன்றை நான் வீட்டில் இருந்து கொண்டுபோகிறேன். குளிர்கிறது என்று யாராவது காற்றுத் துவாரத்தைத் துணியால் அடைக்கப் போனால் தடுத்து நிறுத்துங்கள்.

சொந்தமாகக் கூடாரம் அடிக்கும் நிலைக்கு வந்த பிறகு விதிகளையும் பாருங்கள். தளம் 7 சதுர மீற்றருக்கு உட்பட்ட துணிக்கூடாரத்துக்குப் பதிவு வேண்டியதில்லை. மரக்குடில் என்றால் ஒன்ராறியோ அரசிடம் பதிவெண் பெற்று வெளியே எழுத வேண்டும். சிம்கோவில் மார்ச் 15-க்குள் அதை ஏரியில் இருந்து அகற்றிவிடவும் வேண்டும்.

அனுமதிப் பத்திரம்

18 வயது தொடக்கம் 64 வரை உள்ளவர்கள் தூண்டில் பிடிக்க வேண்டும் என்றால் ஒன்ராறியோ அரசின் அவுட்டோர்ஸ் அட்டையும் மீன்பிடி அனுமதியும் எடுக்க வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம். 18-க்குக் கீழும் 65-உம் அதற்கு மேலும் உள்ள கனடிய வதிவாளர்களுக்கு அனுமதி வாங்கத் தேவையில்லை. வயதைக் காட்டும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும். எங்கள் கூட்டத்து அம்மா தன் அட்டையை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பெப்ரவரி மூன்றாம் திங்களோடு வரும் குடும்ப தின வாரவிடுமுறையில் கனடிய வதிவாளர்கள் எவரும் அனுமதி இல்லாமலே பிடிக்கலாம். ஒருமுறை முயன்று பார்க்க நினைக்கும் கூட்டத்துக்கு அதுவே சரியான நாள். குடிலை மட்டும் முன்னதாகவே பதிவு செய்யுங்கள்.

பனிக்கட்டித் துளையில் ஒருவர் இரண்டு தூண்டில் வரை போடலாம். ஆனால் தூண்டிலில் இருந்து 60 மீற்றருக்குள், அதைத் தடையில்லாமல் பார்க்கும்படி நிற்க வேண்டும். மஞ்சள் பேர்ச் மீனுக்கு நாளொன்றின் எல்லை விளையாட்டு (ஸ்போர்ட்) அனுமதிக்கு 50, குறைவாக எடுப்பவர்களுக்கான பாதுகாப்பு (கொன்சர்வேஷன்) அனுமதிக்கு 25. அனுமதிப் பத்திரம் தேவைப்படாத குடும்ப தின வாரவிடுமுறையில் 25 என்ற எல்லைதான் பொருந்தும். மற்ற மீன்களின் பருவமும் எல்லையும் வேறு. மாகாண அரசு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் விதித்தொகுப்பில் சிம்கோ அடங்கும் 16-ஆம் மீன்பிடி வலயத்தின் பக்கத்தைப் போகும் முன் படியுங்கள். உயிர் இரையை ஏரிக்குக் கிட்டிய கடையில் வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மிஞ்சிய இரையையும் வாளித் தண்ணீரையும் ஏரிக்குள் ஊற்றவே கூடாது. வேற்றிடத்து உயிரிகள் ஒரு ஏரியைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

உடை

பருத்தியை வீட்டில் விட்டுவிடுங்கள். ஜீன்ஸ், பருத்தி உள்ளாடை, பருத்திக் காலுறை மூன்றும் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை, அதன்மேல் தடித்த ஃபிளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத உறை. நடக்கும்போது ஒன்றைக் கழற்றி, இருக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். வியர்க்க விடாமல் இருப்பதுதான் குளிராமல் இருப்பதற்கு வழி.

காற்றின் கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை. வெப்பமானி மைனஸ் 10 காட்டும் நாளில் 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20. உறைந்த ஏரியில் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. அந்தக் கணக்கு மைனஸ் 28-க்கு இறங்கினால் மூடாத தோல் பத்து தொடக்கம் முப்பது நிமிடங்களில் உறைந்துபோகலாம். மூக்கு நுனி, காது மடல், கன்னம் ஆகியவற்றை ஒருவர் தானே பார்க்க முடியாது. ஆகவே இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் வெளிறி மெழுகு நிறமாகத் தெரிந்தால் உடனே குடிலுக்குள் கொண்டுபோய் வெறும் உள்ளங்கையால் மூடிச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது.

சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் இரத்தம் ஓடாமல் முன்னதைவிட விரைவில் விறைக்கும். காலை நேரடியாகப் பனிக்கட்டிமேல் வைத்துக்கொண்டு இருக்காமல் ஒரு மரப்பலகையோ ரப்பர் பாயோ போட்டு அதன்மேல் வையுங்கள். மிகச் சிறிய செலவு, மிகப் பெரிய வித்தியாசம். மீனைத் தொட்ட கை நனையும் என்பதால் கையுறை ஒருவருக்கு மூன்று சோடியாவது வேண்டும். சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்வளையத்தை எல்லோருக்கும் வாங்குங்கள். வெண்பனியைக் காற்று அள்ளிக்கொண்டு போன இடங்களில் ஏரி கண்ணாடி. வயதானவர் ஒருவர் விழுந்தால் மீன்பிடி முடிந்தது.

துளையின் முன்னால்

சிம்கோவில் ஆழமான இடங்களில் லேக் ட்ரௌட், வெள்ளைமீன் எல்லாம் உண்டு. அனுபவசாலிகள் அவற்றுக்காக நாள் முழுவதும் காத்திருப்பார்கள். நண்பர்கள் கூட்டத்துக்கு நான் சொல்வது பேர்ச். கூட்டமாக வரும், அடிக்கடி கொத்தும், பிள்ளைகளுக்கும் அகப்படும், சாப்பிடவும் மிக நல்ல மீன்.

தடி முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். தங்கூசி (தூண்டில் நூல்) மெல்லியதாக, நான்கு இறாத்தல் பாரம் தாங்கும் அளவில் இருக்கட்டும். நுனியில் சின்ன ஈயத்தூண்டில், அதில் சிறு மீன்குஞ்சு. முதலில் ஈயம் தரையைத் தொட்டு நூல் தளரும் வரை இறக்குங்கள். பிறகு ஒரு சாண் மேலே தூக்குங்கள். அங்கேதான் பேர்ச் மேயும். மெதுவாக இரண்டு மூன்று முறை மணிக்கட்டால் ஆட்டிவிட்டு அசையாமல் பிடியுங்கள். ஆட்டம் மீனைக் கூப்பிடும். ஆனால் பெரும்பாலும் அது கொத்துவது ஆட்டம் நின்ற பிறகுதான். புதியவர்கள் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு நிறுத்தச் சொல்லிக் கொடுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் மீனின் கொத்தல் மிக மெல்லியது. தடியின் நுனி சற்றுத் தாழும், அல்லது பாரம் திடீரென்று குறைந்ததுபோல் இருக்கும். பாசையூர் நண்பர் சில நேரம் தடியையே விட்டுவிட்டுத் தங்கூசியைச் சுட்டுவிரலில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். சின்ன வயதில் தோணியில் இருந்து கைத்தூண்டில் போட்ட விரல் அது. எங்களுக்குத் தெரியாத கொத்தல்கள் அவருக்குத் தெரியும். தெரிந்ததும் வேகமாக இழுக்க வேண்டாம். ஒரு சாண் அளவு உயர்த்தினால் ஊசி ஏறிவிடும். பிறகு நூல் தளராமல் சீராகச் சுற்றுங்கள்.

பேர்ச் கூட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒருவர் துளையில் கொத்தத் தொடங்கினால் மற்றவர்களும் பேச்சை நிறுத்தித் தடியைப் பிடியுங்கள். அடுத்த பத்து நிமிடம் எல்லோருக்கும் வேலை இருக்கும். சொந்தக் கூடாரத்தில் இருந்தால், இருபது நிமிடம் வரை ஒன்றும் கொத்தாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். காலையும் பிற்பகலின் கடைசி நேரமும் நல்லவை. நடுப்பகலில் மந்தமாக இருக்கும்; சாப்பாட்டை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு பேர்ச் கொத்துவது அரிது.

உங்களுக்கு வேண்டிய அளவு பிடித்துவிட்டால் தூண்டிலைச் சுற்றி வைத்துவிடுங்கள். விளையாட்டுக்காகப் பிடித்துப் பிடித்து விடுவதை ஆழமான இடத்தில் செய்யக் கூடாது. பத்து மீற்றருக்கு மேல் ஆழத்தில் இருந்து வேகமாக மேலே வரும் மீனின் காற்றுப்பை ஊதிவிடும். துளையில் திரும்ப விட்டாலும் அதில் பல பிழைப்பதில்லை. ஆழம் குறைந்த இடத்தில் அகப்படும் குட்டி மீனையும் வெண்பனிமேல் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். கண்ணும் செவுளும் சில நொடிகளில் உறையத் தொடங்கும். ஊசியைக் கழற்றி அப்படியே துளைக்குள் விட வேண்டும்.

வெளியே துளை போட்டிருந்தால், இடம் மாறும்போது பழைய துளையை வெண்பனிக் கட்டிகளால் நிரப்பி, ஒரு கிளையை நட்டுவையுங்கள். பின்னால் ஓடிவரும் பிள்ளையின் கால் முழங்கால் வரை அதற்குள் போய்விடும்.

சாப்பாடும் மற்றத் தேவைகளும்

குளிரில் உடம்பு தின்றுகொண்டே இருக்கும். பெரிய சாப்பாட்டை ஒரு நேரம் சாப்பிடுவதை விட, மணிக்கு ஒரு தடவை கையில் எடுத்துக் கடிக்கக்கூடியதைக் கொடுங்கள். மீன் றோல்ஸ், கட்லட், அவித்த முட்டை, பேரீச்சம்பழம் எல்லாம் நல்லவை. கையுறையைக் கழற்றாமல் சாப்பிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். நடுப்பகலுக்கு எங்கள் கூட்டத்தில் ஒடியற் கூழ். அதிகாலையில் வீட்டில் காய்ச்சி, அகன்ற வாய் உள்ள வெப்பக்குடுவைகளில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிக் கொண்டுபோவோம். குடுவையை முதலில் வெந்நீரால் பத்து நிமிடம் சூடாக்கிவிட்டு ஊற்றினால் மதியம் வரை ஆவி பறக்கும். பனங்கிழங்கு மாவின் கெட்டியும் மீன், நண்டின் சாறும் புளியும் உறைப்பும் அந்தக் குளிரில் வயிற்றுக்குள் இறங்கும்போது, யாழ்ப்பாணத்து வெயிலில் குடித்ததை விட இங்கே அதற்குப் பொருத்தம் அதிகம் என்று நினைப்பேன். இஞ்சித் தேத்தண்ணீர் வேறொரு குடுவையில் நிறைய இருக்கட்டும். தாகம் தெரியாவிட்டாலும் குடியுங்கள்; குளிர்க்காற்று மூச்சு வழியாகத் தண்ணீரை எடுத்துவிடும்.

மது வேண்டாம். சூடு ஏற்றுவதுபோல் தோன்றினாலும், அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து உள்ளுடம்பின் சூட்டை வெளியே விடுகிறது. தீர்மானம் எடுக்கும் அறிவையும் மழுக்குகிறது. ஏரிமேல் இரண்டும் ஆபத்து.

கழிப்பறை விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். அதனால் பெண்கள் பலர் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து குளிரில் வாடுகிறார்கள். குடில்காரர்கள் சிலர் ஏரிமேலேயே கழிப்பறைக் கூண்டு வைத்திருப்பார்கள். பதிவு செய்யும்போதே உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஆள் நிற்கும் உயரமான சிறு கூடாரமும், பை மாட்டிய வாளியும் கொண்டுபோய்க் குடிலுக்குப் பின்னால் அமைத்துவிடுங்கள். பையைக் கரைக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எந்தக் குப்பையும் ஏரியில் மிஞ்சக் கூடாது. பனிக்கட்டி உருகும் நாளில் அது தண்ணீருக்குள் போகும்.

பிள்ளைகள் துளையின் முன் அரை மணிக்கு மேல் இருக்கமாட்டார்கள். ஒரு மண்வாரியால் குடிலுக்குப் பக்கத்தில் சதுரமாக வெண்பனியை வழித்துவிட்டால் சறுக்கு மைதானம் தயார். வழித்த பனியையே சுற்றிவரக் குவித்தால் காற்றுக்கு மறைப்பும் ஆகும்.

ஒருவர் தண்ணீருக்குள் விழுந்தால்

இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. வீட்டில் வைத்து எல்லோரும் ஒருமுறை பேசி ஒத்திகை பார்த்திருந்தால் அங்கே கை தானாக வேலை செய்யும்.

மனிற்றோபாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீர் பற்றி ஆய்ந்து சொன்ன 1-10-1 என்ற கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு இரைக்கும். அந்த நிமிடத்தில் மூச்சைக் கட்டுப்படுத்துவதைத் தவிர வேறு எதுவும் செய்ய வேண்டாம். அடுத்த 10 நிமிடம் கையும் காலும் சொன்னதைக் கேட்கும். வெளியே வருவதற்கான நேரம் அதுதான். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். ஆகவே நேரம் இருக்கிறது, பதற வேண்டாம்.

வந்த திசைக்கே திரும்புங்கள். அந்தப் பக்கத்துப் பனிக்கட்டி உங்களைத் தாங்கியிருக்கிறது. கைகளை மேலே பரப்பி, கால்களை நீந்துவதுபோல் உதைத்து, உடம்பைக் கிடையாக்கி மேலே தள்ளுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். மரப்பிடியில் கூரிய ஆணி பதித்த ஒரு சோடிக் குத்தூசிகள் கயிற்றில் கோத்துக் கடைகளில் கிடைக்கும். ஒவ்வொருவர் கழுத்திலும் சட்டைக்கு வெளியே அது தொங்க வேண்டும். பைக்குள் இருந்தால் பயனில்லை. மிதக்கும் உடை உள்ளவர்கள் அதைப் போட்டுக்கொள்ளட்டும்.

விழாதவர்கள் ஓடிக் கிட்டப் போகக் கூடாது. 911-ஐ அழையுங்கள். தூரத்தில் படுத்துக்கொண்டு கயிற்றை எறியுங்கள், அல்லது நீண்ட ஏதாவது ஒன்றை நீட்டுங்கள். வெளியே எடுத்ததும் ஈர உடையை முழுவதும் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, மார்பையும் கழுத்தையும் முதலில் சூடாக்குங்கள். இதற்காகவே ஒரு முழுச் சோடி உலர்ந்த உடையும் கம்பளமும் தண்ணீர் புகாத பையில் குடிலில் இருக்க வேண்டும். கைப்பேசியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளிப்பையில் இருந்தால் மின்கலம் குளிரில் சட்டென்று இறங்கிவிடும். கரையில் ஒருவரிடம் எந்த இடம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். வெண்பனிப் புயல் மூடினால் பத்து மீற்றரில் உள்ள குடிலும் தெரியாது. அப்போது நடக்காமல் உள்ளே இருந்து வண்டிக்குக் காத்திருங்கள்.

மீனும் வீடும்

மீனை ஏரிமேல் வெட்ட வேண்டாம். எத்தனை, என்ன மீன் என்று அதிகாரி பார்த்ததும் தெரியும்படி முழுதாகக் கொண்டுவாருங்கள். அவரவர் மீனை அவரவர் பையில் போட்டால் எண்ணிக்கையில் குழப்பம் வராது. வீட்டுக்கு வந்ததும் முதலில் சப்பாத்தின் உள்ளுறைகளைக் கழற்றி வெளியே காயவிடுங்கள், கூடாரம் இருந்தால் அதையும் விரித்துவிடுங்கள். பிறகுதான் மீன்.

பேர்ச்சின் செதில் கரடுமுரடானது, முதுகுத்துடுப்பு கூரானது. துடுப்பின் இரு பக்கமும் கத்தியால் கீறி இழுத்தால் அது வேரோடு வந்துவிடும். எங்கள் கூட்டத்து அம்மா தலையையும் குடலையும் எடுத்துவிட்டுத் தோலை உரித்து, எலும்போடுதான் பொரிப்பார். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் தேசிப்புளி. அரை மணி ஊறவைத்து நல்லெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்தெடுப்பார். சதை வெள்ளையாக, இனிப்பாக, பூப்போல் பிரியும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் இரு பக்கச் சதையையும் முள்ளில் இருந்து வழித்து வேறாகப் பொரியுங்கள். பொரித்த அன்றைக்கே சாப்பிட்டு முடியுங்கள். மிச்சம் இருந்தால் பொரிக்காத மீனை உப்புத் தண்ணீரில் அமிழ்த்தி உறையவைத்தால் ஒரு மாதத்துக்கு ருசி கெடாது.